பதமாசாத்: ஒரு கெமர்க் குறியும் குறியேற்றத்தின் பதிப்பியலும்

ஒருங்குறித் தரத்தில் கெமர் எழுத்துமுறைக்கு ஒதுக்கப்பட்டுள்ள பகுதியில் 6099 என்னும் குறியெண்ணுக்கு உரிய குறியின் பெயர் பதமாசாத். (கணினித் துறையினர் குறியெண்களைப் பதினாறடிமானத்தில் வழங்குவர், இக்கட்டுரையில் அவை பதின்ம எண்ணில் தரப்படுகின்றன.) இக்குறியைப் பயன்படுத்துதல் தகாது என்று தரநூலின் குறிப்பே அறிவுறுத்துகிறது. ஆயினும் அதனை நீக்குவதற்குத் தரநூலின் விதி இடந்தரவில்லை. வழங்கக் கூடாததும் அகற்றவியலாததுமான இவ்வெழுத்து, கெமர் எழுத்துருக்களிலும் இயங்குதளங்களிலும் கால் நூற்றாண்டாக இருந்து வருகிறது.

இந்நிலைக்குக் காரணம் கணிப்பொறியின் குறைபாடு என்று கொள்ளுதற்கில்லை. ஒரு குறியை அது வழங்கும் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, வடிவத்தை மட்டும் நோக்கி வகைப்படுத்தியதன் விளைவு இது. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் கொம்பையும் காலையும் மயங்கி எழுதுவது போன்ற பிழையே இது. சுவடியில் நேர்ந்த பிழையை அடுத்த பதிப்பாசிரியர் திருத்திவிடலாம். குறியேற்றத்தில் நேர்ந்த பிழையை எவரும் திருத்தவியலாது. இவ்வேறுபாடு மொழித்துறைகளின் கவனத்துக்கு உரியது. பல்லவர்கால எழுத்திலிருந்து கிளைத்த எழுத்துமுறை என்னும் வகையில் கெமர் எழுத்து தமிழாய்வுலகிற்கு முற்றிலும் அயலானதும் அன்று.

மாதம் இரட்டிக்கும் ஆண்டு

பதமாசாத் என்பது எழுத்தின் பெயருமன்று, ஒலிப்புக்குறியின் பெயருமன்று. அது ஒரு மாதத்தின் பெயர். பாலியில் முதலாவது எனப் பொருள்படும் பதம என்னும் சொல்லும், ஆஷாட மாதத்தைக் குறிக்கும் கெமர்ச் சொல்லாகிய ஆசாத்தும் புணர்ந்து இத்தொடர் உண்டாயிற்று. முதல் ஆசாத் என்பது அதன் பொருள். முதல் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் இரண்டாவது ஒன்று இருத்தல் வேண்டும். துதீயாசாத் எனப்படும் இரண்டாம் ஆசாத்தும் கெமர்ப் பஞ்சாங்கத்தில் உண்டு. ஆனால் அது எல்லா ஆண்டுகளிலும் வருவதில்லை.

கெமர்ப் பஞ்சாங்கத்தின் சந்திர ஆண்டு மிகசிர் மாதத்தில் தொடங்கி எண்ணப்படுகிறது. ஒற்றைப்படை மாதங்களுக்கு 29 நாள்களும் இரட்டைப்படை மாதங்களுக்கு 30 நாள்களும் அமைய, ஆண்டு 354 நாள்களில் நிறைவுறும். ஞாயிற்றாண்டோடு ஒப்பிடின் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவு. இக்குறை பெருகிப் பருவங்கள் பிறழாதிருக்கும் பொருட்டு 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஒரு மாதம் மிகையாகச் சேர்க்கப்படுகிறது. இந்தியச் சித்தாந்தக் கணிப்பில் மிகைமாதம் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் நேரக்கூடும். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் லாவோசிலும் அது எட்டாம் மாதத்திலேயே நிகழும். எட்டாம் மாதமே ஆசாத். எனவே மிகைமாத ஆண்டில் ஆசாத் இருமுறை வரும். ஆண்டு 384 நாள்களாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கணக்கு எனல் பொருந்தாது. பௌத்தத் துறவியர் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால நோன்பு, ஆசாத்தின் முழுநிலவுக்கு மறுநாளாகிய தேய்பிறை முதல் நாளில் தொடங்குகிறது. மிகைமாத ஆண்டில் அது தொடங்குவது இரண்டாம் ஆசாத்தில். ஆசாத் என்று மட்டும் எழுதப்பட்ட தேதி அவ்வாண்டில் ஒரு மாத இடைவெளியுடைய இரு நாள்களைச் சுட்டும். விகாரையின் நோன்புத் தொடக்கத்தையோ ஒருவரின் பிறந்த நாளையோ குறிப்பதற்கு எந்த ஆசாத் என்பது தெரிந்தாக வேண்டும். அத்தெளிவைத் தருவதே பதமாசாத் குறியின் வேலை. அது தேதி எழுதும் முறைக்குள் மட்டுமே பொருள் தருவது; வேறு சொல்லிலோ வேறு எழுத்தின் மேலோ அதற்கு வேலையில்லை.

அம்முறையும் அறியத்தக்கது. கெமரில் வளர்பிறையைக் கேத் என்பர். பிறத்தல், தோன்றுதல் என்பது அதன் பொருள். தேய்பிறையை ரோச் என்பர். நாளைச் சுருக்கமாக எழுதுங்கால் நாளின் எண் கோட்டின் மேலே நின்றால் வளர்பிறை. கீழே நின்றால் தேய்பிறை. எண்ணின் வடிவம் ஒன்றே. நிற்கும் இடமே பொருளை வேறுபடுத்துகிறது. பிறைநாளைக் கொண்டு காலத்தைக் குறிக்கும் வழக்கம் அந்நிலத்தில் மிகத் தொன்மையானது. சுழியத்தின் பழைமையான கல்வெட்டுச் சான்றுகளுள் ஒன்றாக ஜார்ஜ் செதேஸ் 1931இல் எடுத்துக்காட்டிய சம்போர்க் கல்வெட்டு, சக ஆண்டு 605இல் தேய்பிறை ஐந்தாம் நாள் என்றே தன் காலத்தைச் சொல்கிறது. கி.பி. 683க்கு நேரான அவ்வாண்டுத் தொடரில் அறிஞர் பலரும் சுழியப் புள்ளியையே நோக்கினர். அதனை அடுத்துள்ள பிறைநாள் அத்துணைக் கவனம் பெறவில்லை.

1999 முதல் 2003 வரை

கெமர் எழுத்து 103 குறிகளோடு ஒருங்குறியின் மூன்றாம் பதிப்பில், 1999இல், சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் போரும் 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த பேரழிவும் கம்போடியாவின் கற்றோர் குழாத்தைச் சிதைத்திருந்த காலத்தின் தொடர்ச்சி அது. பாரிசு உடன்படிக்கை 1991இல் கையெழுத்தாகி, 1993இல் தேர்தல் நடந்து, அரசின் உறுப்புகள் மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. அத்தகைய ஆண்டுகளில் எழுத்துக் குறியேற்றத்துக்கெனத் தேசியக் குழு ஒன்று முழுவலிமையோடு இயங்கியிருக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. குறியேற்றத்தை முன்மொழிந்தோர் நல்லெண்ணத்தோடும் உழைப்போடும் செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெழுத்தை நாள்தோறும் எழுதுவோரின் தேசியக் குரல் அவையில் ஒலிக்காமலே முடிவுகள் எடுக்கப்பட்டன.

அம்முடிவுகளுள் ஒன்று பதமாசாத். பிறைநாள் குறிகளின் ஓர் உறுப்பாக அது கருதப்பட்டது. ஒருங்குறி ஒவ்வொரு குறிக்கும் எண்ணை மட்டும் வழங்குவதில்லை. அது எழுத்தா, எண்ணா, நிறுத்தக்குறியா, முந்தைய எழுத்தைச் சார்ந்து நிற்கும் சேர்குறியா என்னும் பண்பையும் வழங்குகிறது. பதமாசாத் பெற்ற பண்பு சேர்குறி. தமிழ்ப் புள்ளி எந்த இனத்தைச் சார்ந்ததாகக் கணிப்பொறி கொள்கிறதோ அதே இனத்தில் ஒரு மாதத்தின் பெயர் வைக்கப்பட்டது. அதன் விளைவாக அக்குறியைத் தனித்து எழுதினால், ஏறி நிற்க எழுத்தில்லாத ஒட்டுக்குறியாக அதனைக் கணிப்பொறி கருதும். மென்பொருள் பலவும் வெற்றுப் புள்ளிவட்டம் ஒன்றை வரைந்து அதன்மேல் ஏற்றிக் காட்டும். மாதத்தைச் சொல்ல வந்தது உயிர்க்குறி போல் தொங்கி நிற்கும்.

கம்போடியத் தரப்பின் முறையான மறுப்பு 2002ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதனையடுத்து நான்காம் பதிப்பில், 2003இல், திருத்தங்கள் வந்தன. பிறைநாள்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்று 6624 முதல் 6655 வரை அமைக்கப்பட்டது. வளர்பிறை நாள்கள் 15, தேய்பிறை நாள்கள் 15, முதல் ஆசாத், இரண்டாம் ஆசாத் என முப்பத்திரண்டு குறிகள் அதில் இடம்பெற்றன. இவை யாவும் தனித்து நிற்கும் குறிகள் என்னும் பண்பைப் பெற்றன. பழைய 6099இன் அருகே, இதனைவிடப் பிறைநாள் குறிகளின் முழுத்தொகுதியே ஏற்புடையது என்னும் குறிப்பு சேர்ந்தது. சோதிடக் கணக்குக்குரிய பத்து எண்களும் அப்போதே ஏற்கப்பட்டன.

பழைய குறியை எடுத்துவிட்டிருக்கலாகாதோ எனின், அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஒருங்குறியின் தொடக்கப் பதிப்பில் இருந்த திபெத்திய எழுத்துகள் பின்னர் நீக்கப்பட்டு, 1996இல் வேறிடத்தில் வேறு அமைப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டன. கொரிய அசையெழுத்துகளும் அதே பதிப்பில் இடம் மாறின. முன்னர் எழுதிவைத்த கோப்புகள் இதனால் பொருளிழந்தன. அதன்பின், ஒருமுறை ஏற்றப்பட்ட குறியை நீக்குவதோ இடம்மாற்றுவதோ பெயர்மாற்றுவதோ கூடாது என்னும் நிலைப்பாட்டு விதி உறுதியாயிற்று. இவ்விதி குறை கூறத்தக்கதன்று. இன்று எழுதும் கோப்பு நூறாண்டு கழித்தும் படிக்கப்பட வேண்டுமாயின் இத்தகைய விதி வேண்டும். விதியின் கடுமை எத்துணையோ அத்துணை முன்னாய்வு வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

பெயர்மாற்றத் தடையின் விளைவு ஒன்று மொழியியலார்க்குச் சுவையானது. 1999இன் குறிக்கும் 2003இன் குறிக்கும் பெயர் ஒரே சொல்தான். ஆனால் உரோமன் எழுத்தில் முன்னது ஒலிப்புடைய இதழொலியோடும் பின்னது ஒலிப்பிலா இதழொலியோடும் தொடங்குகின்றன. கெமர் எழுத்தை நோக்கிப் பெயர்த்தால் முதல்வடிவம் வரும். கெமர் ஒலிப்பை நோக்கினால் இரண்டாவது வரும். எழுத்துப்பெயர்ப்பும் ஒலிபெயர்ப்பும் வேறு என்பதை அறியாது ஒரே பட்டியலில் இரண்டையும் கலந்ததன் தடம் அது. தமிழில் எழுதினால் இரண்டும் பதமாசாத்தே. பகரம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். உரோமன் பெயரைக் கொண்டு தேடுவோர்க்கோ இரு வேறு சொற்களாகவே தோன்றும்.

விளக்கவுரையிலும் பிழை புகுந்தது. முதல் ஆசாத், இரண்டாம் ஆசாத் என்பவற்றைக் குறிக்கும் இரு புதிய குறிகளையும் தரநூலின் உரைப்பகுதி சில பதிப்புகளில், சந்திரப் பஞ்சாங்கத்தின் ஆகஸ்டு முதல் நாளும் இரண்டாம் நாளும் என்று பொருள்படுமாறு விளக்கியது. மாதத்தின் முறை நாளின் முறையாயிற்று, ஆசாத் ஆகஸ்டாயிற்று. குறியெண் அட்டவணையின் குறிப்பில் எட்டாம் மாதமாகிய ஆஷாடம் என்னும் சரியான விளக்கம் இன்று காணப்படுகிறது. உரையைத் திருத்த முடிந்தது. ஏனெனில் உரை நிலைப்பாட்டு விதிக்குள் அடங்குவதில்லை. பஞ்சாங்கம் அறிந்த ஒருவர் அச்சுப்படியை ஒருமுறை பார்த்திருந்தால் இத்திருத்தத்துக்கே தேவை எழுந்திராது.

காலடி எழுத்தும் அதன் வழக்கும்

கெமர்க் குறியேற்றம் பற்றிய விவாதங்களில் பதமாசாத் பெரிதும் பேசப்படுவதில்லை. பேசப்படுவது அதற்கு முந்தைய எண்ணாகிய 6098இல் உள்ள சேங் என்னும் குறி. சேங் என்றால் கால், அடி. கெமரில் மெய்யெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகையில் கீழே நிற்கும் வடிவம் எழுத்தின் கால் எனப்படும். ஒவ்வொரு மெய்க்கும் அதன் கால்வடிவத்தைத் தனியே கற்பிப்பது அந்நாட்டுப் பள்ளி வழக்கம். ஒருங்குறியோ கால்வடிவங்களுக்குத் தனித்தனி எண் தரவில்லை. அடுத்து வருவது காலாக நிற்கும் என்று அறிவிக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றை மட்டும் படைத்தது. அட்டவணையில் அதற்குக் காட்டப்படும் வடிவமும் தற்குறிப்பாக இட்டதே. இந்திய எழுத்துகளின் விராம முறையைப் பின்பற்றிய அமைப்பு இது.

கம்போடியத் தரப்பு கால்வடிவங்களைத் தனித்தனியே ஏற்ற வேண்டும் என்றது. இது வினோதமான கோரிக்கையாகாது. திபெத்திய எழுத்து அவ்வாறே ஏற்றப்பட்டுள்ளது. இருப்பினும் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒரே சொல்லை இருவகையில் குறியேற்றும் நிலை உண்டாகும் என்பது காரணம். தேசியத் தன்மானம் சார்ந்த நோக்கில் இதனைப் பெருங்கொடுமையாகச் சித்திரிப்போர் உளர். அந்நோக்கு முழுதும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பார்வைக்குப் புலப்படாத குறி ஒன்று கோப்பினுள் இருப்பதால் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இழப்பில்லை. எழுதப்பட்ட சொல் எழுதியவாறே மீள்கிறது. இலக்கண நூலின் பகுப்பும் கணிப்பொறியின் பகுப்பும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதற்கு வலுவான காரணமும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் கம்போடியத் தரப்பின் முறையீடு கூர்மையானது. கெமரில் டகரத்துக்கும் தகரத்துக்கும் கால்வடிவம் ஒன்றே. சேங் முறையில் தட்டச்சிடுவோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். எதைத் தெரிந்தாலும் திரையில் ஒரே உருவமே தோன்றும். கண்ணுக்கு ஒன்றாயிருப்பது தேடுபொறிக்கு இரண்டாகிறது. இத்தொல்லையைத் தமிழ் ஆய்வாளர் அறிவர். ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஶகரம் சேர்க்கப்பட்ட பின்னர் அதனைக் கொண்டும் எழுதலாம். எழுத்துருக்கள் இரண்டையும் ஒன்றுபோல் காட்டுகின்றன. திருவரங்கத்துக் கல்வெட்டுகளின் மின்படி ஒன்றில் ஸ்ரீ என்று தேடி, பாதியளவே கிடைத்து, எஞ்சியவை இல்லை என முடிவு செய்யும் ஆய்வேடு பிழைபட்டதாகும்.

சேங்கையும் பதமாசாத்தையும் ஒப்பிடின், முன்னது கோட்பாட்டு வேறுபாடு, பின்னது பிழைவாசிப்பு. ஆரவாரம் முன்னதற்கே கிடைத்தது. கற்றுக்கொள்ள வேண்டியது பின்னதில் மிகுதி.

உறுப்பா, முழுமையா

2003இன் திருத்தமும் வினாவுக்கு அப்பாற்பட்டதாக இல்லை. முப்பத்திரண்டு பிறைநாள் குறிகளும், தோற்றத்தில் பகுக்கத்தக்கனபோல் காணப்படினும், பகுபடா முழுக்குறிகள் என்று தரநூல் சொல்கிறது. வளர்பிறை ஐந்தாம் நாளின் குறிக்குள் கெமர் ஐந்து கண்ணுக்குத் தெரிகிறது. கணிப்பொறிக்கு அங்கே எண்மதிப்பு ஏதுமில்லை. நூறு கல்வெட்டுகளின் தேதிகளைத் தொகுத்து நாள்வாரியாக அடுக்க விரும்பும் ஆய்வாளர், இக்குறிக்கு இவ்வெண் என்னும் அட்டவணையைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உறுப்புகளாகப் பகுத்து ஏற்ற முயன்ற 1999இன் எண்ணத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறுக்கலாகாது. பகுத்த இடம் தவறு, பகுத்த உறுப்புக்கு வழங்கிய இனம் தவறு.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவை வேறொரு களத்தில் நன்கறியும். தொல்காப்பியம் உயிர்மெய்யை எழுத்துகளின் தொகையில் வைத்து எண்ணவில்லை. முப்பதும் சார்ந்து வரும் மூன்றுமே அதன் கணக்கு. நன்னூல் சார்பெழுத்து பத்தனுள் உயிர்மெய்யை முதலாவதாக வைக்கிறது. இரு நூல்களும் ஒரே மொழியைத்தான் விளக்கின. எழுத்து என்பதை எந்த நோக்கில் எண்ணுவது என்பதில் வேறுபட்டன. ஒருங்குறியில் உயிர்மெய் பகுக்கப்பட்டிருப்பதையும், தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு ஏற்ற டேஸ் பதினாறு என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் அது முழுமையாய் நிற்பதையும் இம்மரபின் வெளிச்சத்தில் காணலாம். பகுத்தலும் தொகுத்தலும் நோக்கைப் பொறுத்தன. எந்த நோக்கு என்பதைக் குறியேற்றுமுன் வெளிப்பட எழுதிவைத்தலே இன்றியமையாதது. கெமர்ப் பிறைநாள்களைப் பொறுத்தவரை, முழுக்குறியாகக் கொண்டதற்குத் தேதி ஒரே மூச்சில் எழுதப்படுவது என்னும் வழக்கு சான்றாக நிற்கிறது. எண்மதிப்பை இழந்தது அதற்குக் கொடுத்த விலை. அவ்விலை தகும் என்றே கருத இடமுண்டு. பஞ்சாங்கம் எழுதுவோரின் தேவை முதலாவது. தொகுப்பாய்வாளரின் தேவை அடுத்தது.

கெமர்ப் பகுதியில் பயன்படுத்த வேண்டாம் எனக் குறிக்கப்பட்டவை இன்னும் சில உள. பாலி, சமற்கிருத எழுத்துப்பெயர்ப்புக்கெனக் கருதிச் சேர்த்த தனியுயிர்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத உள்ளுறை உயிர்கள் இரண்டும் அவற்றுள் அடங்கும். விரித்துரைக்க வேண்டாதவை அவை. பெய்யால் என்னும் குறி மட்டும் நின்று நோக்கத்தக்கது. முதலியன, பிற என்னும் பொருளில் வழங்கும் சுருக்கக்குறி அது. அப்பொருளுக்கு வேறு சுருக்கங்களும் கெமரில் உள்ளன என்பதால், ஒற்றைக்குறியை விடுத்து நிறுத்தக்குறிகளும் எழுத்தும் கொண்டு விரித்தெழுதுமாறு தரநூல் அறிவுறுத்துகிறது. பல வழக்குகளுள் ஒன்று மட்டும் எண் பெற்றது. பிறகு அதுவே வேண்டாததாயிற்று.

தமிழ்க் குறிகள்

கெமர்ப் பிறைநாள்கள் ஏற்றப்பட்ட அதே நான்காம் பதிப்பில்தான் தமிழின் நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺ ஆகிய எட்டும் ஒருங்குறியில் நுழைந்தன. இரு மொழிகளின் தேதிக்குறிகளும் ஒரே ஆண்டில் ஒரே வாயிலைக் கடந்தன என்பதைத் தமிழ்க்கணிமை வரலாறு எழுதுவோர் பெரிதும் கருதியதில்லை. தமிழின் எட்டும் தனித்து நிற்கும் குறிகளாகவே ஏற்றப்பட்டமையால் பதமாசாத்துக்கு நேர்ந்தது அவற்றுக்கு நேரவில்லை.

பின்னர் 2019இல் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழ் மிகைப்பகுதி ஒன்று 51 குறிகளோடு வெளிவந்தது. கீழ்வாய் இலக்கங்கள், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைகள், காசு, பணம், வராகன், நன்செய், புன்செய், உப்பளம் என்பவற்றின் சுருக்கக்குறிகள், நூல் முற்றிற்று என்பதைக் காட்டும் குறி ஆகியன அதில் உள. கெமரின் பெய்யாலுக்கு இணையாக வகையறா என்பதற்கும் குறி உண்டு. ஊர்க்கணக்குகளையும் சுவடிகளையும் சான்றாகக் கொண்டு இவை முன்வைக்கப்பட்டன. 1999இன் கெமர்ப் பட்டியலைவிட இதன் ஆவணப் பின்புலம் வலியது என்பது தெளிவு.

எனினும் அப்பட்டியலில் இரு பெயர்கள் ஆராயத்தக்கன. மரபு வரவுக்குறி, மரபு எண்குறி என்பன அவை. வரவுக்கும் எண்ணுக்கும் 2003இலேயே குறிகள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றின் வடிவத்தினின்றும் வேறுபட்ட வடிவங்கள் பழங்கணக்குகளில் காணப்பட்டமையால், மரபு என்னும் அடைமொழியோடு இரண்டாவது எண்கள் தரப்பட்டன. ஒரே பொருளுக்கு ஈரிடம் ஏற்பட்டது. பதமாசாத் இருமுறை ஏற்றப்பட்டதோடு இது முழுதும் ஒத்ததன்று. இங்கே எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமையே ஒரு சிக்கல். வரவு என்னும் சுருக்கத்தின் வடிவம் ஊருக்கு ஊர், கணக்கருக்குக் கணக்கர் வேறுபடுவது. எந்த அளவு வேறுபட்டால் அது வேறு குறி, எந்த அளவு வரை அது கைவேறுபாடு என்னும் வினாவுக்கு விடை கணிப்பொறி வல்லுநரிடம் இல்லை. தொல்லெழுத்தியலும் சுவடிப் பதிப்பியலும் பயில்வோரே அதனைச் சொல்ல வல்லவர்.

சொல்லும் வாய்ப்பு நடைமுறையில் அவர்க்குக் கிட்டுவதில்லை. குறியேற்ற முன்மொழிவு ஒன்றோடு இணைக்கப்படும் படிவம், குறியைப் பயன்படுத்தும் சமூகத்தோடு தொடர்பு கொள்ளப்பட்டதா, வழக்குக்குச் சான்று எது என்று வினவுகிறது. அவ்வினாக்களுக்கு விடையளிக்கத்தக்க தரவு முனைவர்பட்ட ஆய்வேடுகளில் குவிந்துள்ளது. கணக்குச் சுவடிகளைப் பெயர்த்தெழுதும் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான சுருக்கக்குறிகளைக் காண்கின்றனர். அச்சிடும்போது அவற்றை விரித்தெழுதிவிடுகின்றனர், அல்லது எழுத்துருவில் கிடைக்கும் நெருங்கிய வடிவம் ஒன்றை இடுகின்றனர். எந்த ஏட்டில், எத்தனையாம் வரியில், எந்த எண்ணுக்குமுன் அக்குறி நின்றது என்பது அத்தோடு மறைகிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் குறிகளின் நிழற்படத்தையும் அவை நின்ற சூழலையும் தருதல் கட்டாயம் ஆக்கப்படவில்லை. சான்றுகளோடு எழுதப்பட்ட குறியேற்ற முன்மொழிவு ஒன்று ஆய்வு வெளியீடாக மதிப்பெண் பெறுவதும் இல்லை. இவ்விரண்டையும் மாற்றுதல் தமிழ்த்துறைகளின் கைக்குள்ளேயே உள்ளது. எந்த நாட்டுக் குழுவின் இசைவும் அதற்கு வேண்டுவதில்லை.

இன்று பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்கேடு ஒன்றை மின்படியாக்கும் ஆய்வாளர், வரவு எனப் பொருள்படும் வளைகோடு ஒன்றைக் காணும்போது 2003இன் எண்ணை இடுவதா, 2019இன் எண்ணை இடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். அடுத்த மேசையில் அதே கட்டின் மற்றோர் ஏட்டைப் படிப்பவர் வேறொன்றை இடக்கூடும். இரண்டு படிகளும் ஒரே தரவகத்தில் சேரும் நாளில் அவ்வூரின் வரவு இரு பாகமாகப் பிரிந்து கிடக்கும். கூட்டிப் பார்ப்பவர் எந்தப் பாகத்தைக் கூட்டினார் என்பது தொகையில் தெரியாது.